மரபணு மாற்றக் கடுகு: 'மலட்டு விதை' என்பது உண்மையா?

மரபணு மாற்றக் கடுகு என்றாலே 'அது மலட்டு விதையாச்சே' என்ற பேச்சுதான் முதலில் வருகிறது. டெல்லி பல்கலைக்கழகம் உருவாக்கிய டிஎம்ஹெச்-11 ரகத்தில் அப்படி என்னதான் இருக்கு?

கடுகுப் பூவில் ஆண், பெண் உறுப்புகள் சேர்ந்தே இருப்பதால், பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும். இரண்டு ரகங்களைக் கலந்து வீரிய ஒட்டுரகம் எடுக்கணும்னா, ஒன்றில் மகரந்தத்தை நிறுத்தியாக வேண்டும். வருணா ரகத்தில் அந்த வேலையைச் செய்வது 'பார்னேஸ்' மரபணு. மண்ணில் வாழும் பாக்டீரியாவிலிருந்து எடுத்தது.

சரி, விவசாயி வயலிலும் மகரந்தம் இல்லைன்னா கடுகு எப்படிக் காய்க்கும்? அதற்குத்தான் 'பார்ஸ்டார்'. இன்னொரு பெற்றோரான ஏர்லி ஹீரா-2 வழியாக வரும் இந்த மரபணு, பார்னேஸைக் கட்டிப்போட்டு மகரந்தத்தை மீட்டுத் தருகிறது. ஆக, விவசாயி விதைக்கும் செடி மலடு இல்லை.

சிக்கல் அடுத்த போகத்தில்தான். அறுவடையில் எடுத்துவைத்த விதையை விதைத்தால் இரண்டு மரபணுக்களும் பிரிந்துபோகும். மெண்டல் கணக்குப்படி 16 செடிகளில் 3, பார்ஸ்டார் இல்லாமல் பார்னேஸோடு மட்டும் நிற்கும். பக்கத்துச் செடியின் மகரந்தத்தை நம்பித்தான் அவை காய்க்கணும். ஒட்டுரகத்தின் வீரியமும் குறையும். வருஷா வருஷம் விதை வாங்கும் செலவு விவசாயி தலையில்.

களைக்கொல்லியைத் தாங்கும் 'பார்' மரபணுவும் இதில் இருக்கிறது. எதிர்ப்பாளர்களின் பெரிய கவலை அதுதான்.

2022 அக்டோபரில் மத்திய அரசு தந்த அனுமதி பற்றி, 2024 ஜூலை 23-ல் உச்ச நீதிமன்றம் மாறுபட்ட தீர்ப்பளித்தது. நீதிபதி நாகரத்னா ரத்து செய்தார். நீதிபதி சஞ்சய் கரோல் செல்லும் என்றார். மரபணு மாற்றப் பயிர்களுக்கு தேசியக் கொள்கை வேண்டும் என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள்.