நேர்ச்சையும் வெறுங்காலும்

ஆகஸ்டு 29-ஆம் நாள் வேளாங்கண்ணியில் திருக்கொடி ஏறுகிறது. அதற்குப் பல நாள்களுக்கு முன்னரே காசிமேட்டிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் காவியுடுத்தி வெறுங்காலுடன் புறப்படுவோர் நம் குடும்பங்களிலும் உண்டு. 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. அவர்களுள் நீரிழிவு நோயுடையோர்க்கு இத்திங்கள் சில சொல்ல விழைகிறோம்.

"எத்தனை தூரம் நடந்தாலும் காலில் வலியே இல்லை, சாமி" என்று அவர்களிற் சிலர் பெருமையாகக் கூறுவர். அஞ்ச வேண்டியது அதற்கே. இரத்தத்தில் சர்க்கரை பல்லாண்டுகள் மிகுந்திருப்பின் பாதத்து நரம்புகள் மரத்துப்போகின்றன. தார்ச்சாலையின் சூடும் கண்ணாடிச் சில்லும் உறைப்பதில்லை. கொப்புளம் கண்ட பின்னும் அதே காலை ஊன்றி நடக்கிறார்கள். வியர்வை வற்றிக் குதிகால் வெடிக்க, அவ்வழியே கிருமி நுழைகிறது. விரல்கள் வளைந்து உடலின் எடை ஓரிடத்திலேயே அழுந்துவதால் அங்குக் காய்ப்பு ஏறுகிறது. அதன் அடியில்தான் பெரும்பாலும் புண் தொடங்கும். அந்தக் காய்ப்பை வீட்டிலிருந்தே பிளேடால் சீவிக்கொள்வோரை என்னென்பது! இரத்தக் குழாய்கள் சுருங்கியவர்க்குச் சிறு காயமும் எளிதில் ஆறாது. பீடியும் சிகரெட்டும் அச்சுருக்கத்தை மிகுவிக்கும். சிறுநீரகம் பழுதுற்றோர்க்கும் பார்வை மங்கியோர்க்கும் இடர் கூடுதல். முன்பே ஒருமுறை காலில் புண் கண்டவர்க்கோ எல்லாரினும் மிகுதி. புண் ஆறியவர்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பேருக்கு ஓராண்டுக்குள் அது திரும்புகிறது.

பாதம் மரத்துள்ளதா என அறிவது எளிது. நோயாளி கண்ணை மூடியிருக்க, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் மருத்துவர் பாதத்தைத் தொடுவார். தொட்டது தெரிகிறதா என்பதே கேள்வி. சில நிமிட வேலை. தொலைதூரமும் செல்ல வேண்டியதில்லை. பேராசிரியர் எம். விசுவநாதன் 1954-இல் தொடங்கிய நீரிழிவு மருத்துவமனை நம் இராயபுரத்திலேயே இருக்கிறது; அரசினர் ஸ்டான்லி மருத்துவமனையும் அருகேதான். வீட்டிலோ, இரவு செபம் முடிந்ததும் பேரப்பிள்ளை ஒருவர் தாத்தாவின் உள்ளங்காலைப் பார்த்துச் சொல்லலாம்.

"அப்படியானால் மாதாவுக்கு நேர்ந்துகொண்டது?" என்பீர்கள். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் இதற்கு இடம் வைத்திருக்கிறது. தனிப்பட்ட நேர்ச்சையை அதற்கு ஈடான அல்லது மேலான நற்செயலாக மாற்றிக்கொள்ள நேர்ந்தவருக்கே உரிமை உண்டு. தகுந்த காரணம் இருப்பின் விலக்களிக்கப் பங்குக் குருவுக்கும் அதிகாரம் உண்டு. மரத்த கால் தகுந்த காரணம் என்பதில் நமக்கு ஐயமில்லை. இரயிலில் சென்று வணங்கலாம். ஏழை நோயாளி ஒருவருக்கு மெத்தென்ற செருப்பு வாங்கித் தரலாம். அன்னை வெறுங்காலைக் கேட்டதாக நாம் எங்கும் படித்ததில்லை.

ஏற்கெனவே நேர்ந்துகொண்டவர்கள் பயணத்திற்கு இரு வாரங்களுக்கு முன், ஞாயிறு பூசை முடிந்தபின் நம்மைக் காண்க. வரும்போது செருப்பணிந்தே வருக.