அம்மா இருக்கிறார், ஆலோசகர் எங்கே?

கரக்பூர் ஐ.ஐ.டி.யின் ‘வளாகத் தாய்மார்’ திட்டத்தை இன்னமும் சிலர் மெச்சிக்கொண்டிருப்பது எரிச்சலூட்டுகிறது. வளாகத்தில் வசிக்கும் பெண் பேராசிரியர்களும் ஊழியர்களும் மனம் சோர்ந்த மாணவர்களைத் தேநீருக்கோ இரவுச் சாப்பாட்டுக்கோ அழைத்துப் பேசுவார்களாம். தற்கொலைகளில் அடுத்தடுத்து மாணவர்களைப் பறிகொடுத்த நிறுவனம் யோசித்துக் கண்டுபிடித்த வழி இது. பெண் என்றால் தாய். தாய் என்றால் மனநல ஆலோசகர்! அப்பாக்களுக்கு மட்டும் ஏனோ அழைப்பில்லை.

இளைஞர்களைத் தற்கொலை எண்ணத்துக்குத் தள்ளுவது எது என்று தெரியாத காலமா இது? விடிவே இல்லை என்ற எண்ணத்தை அளக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1974-லேயே அளவுகோல் வகுத்துவிட்டார். ‘நான் பிறருக்குச் சுமை’, ‘நான் யாரோடும் ஒட்டவில்லை’ என்ற நினைப்புகள் இரண்டும் சேரும்போது ஆபத்து முற்றுகிறது என்று உளவியலாளர் தாமஸ் ஜாய்னர் 2005-ல் விளக்கினார்.

அந்த முதல் நினைப்பைப் பாருங்கள். நான்கு பாடங்களில் அரியர் வைத்திருக்கும் பையனை இரவு அம்மா போனில் கூப்பிடுகிறார். “சாப்பிட்டியாப்பா?” “சாப்பிட்டேம்மா.” “படிப்பெல்லாம்?” “நல்லாப் போகுதும்மா.” கல்விக் கடனுக்காக வீட்டுப் பத்திரம் வங்கியில் கிடப்பது அவனுக்குத் தெரியும். தான் இல்லாவிட்டால் வீட்டுக்கு நிம்மதி என்று அவன் மனம் போடும் கணக்கு முழுத் தப்பு. ஆனால், அந்த நேரத்தில் அவனுக்கு அது தப்பாகத் தெரிவதில்லை. அதை நிதானமாகப் பேசி அவிழ்க்கப் படிப்பும் பயிற்சியும் வேண்டும். பாசம் மட்டும் போதாது. பெற்ற தாயிடமே உண்மையைச் சொல்ல முடியாமல் தவிப்பவனுக்கு இன்னொரு தாயையா கொடுப்பது? அதுவும் நாளை மதிப்பெண் போடக்கூடியவரை? சொன்னது துறைத் தலைவர் காதுக்குப் போகாது என்று எதை வைத்து நம்புவான்?

ஒட்டாமை விஷயம் இன்னும் மோசம். வந்த முதல் வாரத்திலேயே ‘உன் ரேங்க் என்ன?’ என்று கேட்டு, இட ஒதுக்கீட்டில் வந்தவனா என்று மோப்பம் பிடிக்கும் வழக்கத்துக்குத் தேநீரா மருந்து?

நோயை விட்டு வேறெங்கோ மருந்து தேடும் இந்தத் தடுமாற்றம் உயர்கல்வியைக் கட்டி ஆள்பவர்களுக்குப் புதிதல்ல. டெல்லி எய்ம்ஸில் சாதிப் பாகுபாடு இருப்பதை 2007-ல் அரசு அமைத்த தோரட் குழு எழுதிக் கொடுத்தது. அதை ஏற்க எய்ம்ஸ் நிர்வாகத்துக்கு மனம் வரவில்லை. 2012-ல் பல்கலைக்கழக மானியக் குழுவின் சமத்துவ விதிகள் வந்தன; பல இடங்களில் காகிதமாகவே கிடந்தன. 2022-ல் மட்டும் நாடு 13,044 மாணவர்களைத் தற்கொலையில் இழந்தது என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொன்னது. அப்போதும் யாருக்கும் உறைக்கவில்லை. 2023-ல் நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்குப் பேர்போன ராஜஸ்தானின் கோட்டாவில் பிள்ளைகளின் மரணங்கள் தொடர்ந்தபோது, பயிற்சி மையங்கள் இரண்டு மாதங்களுக்குத் தேர்வு வைக்கக் கூடாது என்றது மாவட்ட நிர்வாகம். மூன்றாவது மாதம்?

100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிலையம் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. தாய்மார் அறிவிப்பு வந்ததும் அதே மாதம்தான். வெட்கமாக இல்லையா? 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரத்தில் அழைத்தாலும் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுகிறார். ஒரு தொலைபேசி எண்ணுக்கு இருக்கும் அந்த அக்கறை ஐ.ஐ.டி.க்கு இருக்கக் கூடாதா? உரிய ஆட்களையும் பணத்தையும் ஒதுக்கி, முறையான ஏற்பாட்டை உடனே செய்யட்டும். வளாகத்துப் பெண்களை அவரவர் வேலையைப் பார்க்க விடட்டும்.