கையோடு வந்த கால்



போன மாதம் வந்த கடிதங்களில் ஒன்று பென்சிலில் எழுதியிருந்தது. எழுதியவள் நான்காம் வகுப்புச் சிறுமி. கடற்கரையில் சுண்டுவிரல் நகம் அளவு நண்டுக் குஞ்சு ஒன்றைப் பிடித்தாளாம். கால் ஒன்று கையோடு வந்துவிட, நண்டு ஓடிவிட்டது. "நான் அதைக் கொன்னுட்டேனா?" என்று கேட்டிருந்தாள். பதிலை இங்கேயே எழுதுகிறேன், பெரியவர்களும் படிக்கட்டும்.

இல்லை, கண்ணு. அந்தக் காலை நண்டேதான் விட்டுவிட்டு ஓடியது. ஒவ்வொரு காலின் அடிப்பக்கத்திலும் கழன்றுகொள்வதற்கென்றே ஓர் இடம் உண்டு. அங்கே தசையை இறுக்கினால் கால் தனியே வந்துவிடும். உள்ளிருக்கும் சவ்வு ஒன்று காயத்தை அடைத்துக்கொள்வதால் ரத்தமும் அதிகம் போகாது.

பல்லிக்கு வால் நம் கண்ணெதிரே வளரும். நண்டுக்கு அது முடியாது. உடம்பு முழுக்க ஓடு, ஓடோ வளராது. அதனால் புதுக் கால், பழையது போன இடத்தில் சின்ன மொட்டு போன்ற பைக்குள் மடங்கிக் கிடந்து வளர்கிறது. ஓட்டை உரிக்கும்போதுதான் அது விரியும். உரிப்பதும் லேசான காரியமில்லை. ஓட்டின் பின்பக்கம் பிளக்க, நண்டு பின்னோக்கி நழுவி வெளியே வரும். கண்காம்பின் உறை, இரைப்பையின் உள் உறைகூடப் பழைய ஓட்டோடு போய்விடும். (அவ்வளவு பெரிய கொடுக்கை ஒல்லியான கணு வழியே உருவிக்கொள்வதைத்தான் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.) பிறகு தண்ணீரை உள்வாங்கி உப்பி, மேல்தோல் இறுகும்வரை ஒளிந்துகிடக்கும். அந்த நேரத்தில் வலையில் சிக்கும் நண்டைச் சந்தையில் விலை குறைத்துத்தான் கேட்பார்கள். அளவு இருக்கும், சதை இருக்காது.

புதுக் கால் முதலில் குட்டையாகவே இருக்கும். சரியான அளவுக்கு வர இன்னும் சில முறை உரிக்க வேண்டும். குஞ்சுக்கு அது பெரிய விஷயமில்லை. சேற்று நண்டுக் குஞ்சுகள் தொடக்கத்தில் சில நாட்களுக்கு ஒருமுறை ஓடு மாற்றும். வளர வளர இடைவெளி நீளும். சிலந்தி நண்டுகளில் பல, பருவமடைந்ததும் உரிப்பதையே நிறுத்திவிடுகின்றன. அதன்பின் போன கால் போனதுதான். உன் கையில் அகப்பட்டது குஞ்சாக இருந்ததே நல்லதாய்ப் போயிற்று. கொக்கு ஏதும் கொத்தாமல் இருந்தால், இந்நேரம் மொட்டு வந்திருக்கும்.

இன்னொன்று. கரையில் நண்டு ஓடு கிடந்தால் செத்த நண்டு என்று உடனே வருந்தாதே. எடுத்துப் பார், பின்பக்கம் திறந்து, நாற்றமில்லாமல், உள்ளே வெறுமையாக இருந்தால் அது கழற்றிப் போட்ட சட்டை. கொடுக்குகளோடு சேர்த்துக் கால்கள் பத்து இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
ஆசிரியர்