கொக்கியைப் பார்த்து வாங்குவோம்

நகைக்கடையில் நாம் சங்கிலியைப் பார்க்கிறோம், அதில் தொங்கும் மீனையும் பிறையையும் பார்க்கிறோம். கொக்கியை மட்டும் பார்ப்பதில்லை. சங்கிலி தொலைந்தபின்தான் கொக்கியின் நினைவு வருகிறது.

தொங்கல் கோத்த கைச்சங்கிலி மேனாட்டுச் சரக்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். காப்புக்காகச் சிற்றுருவங்களைக் கோத்து அணிவது நமக்குப் புதிதன்று, ஐம்படைத்தாலி வேறென்ன? புறநானூற்று 77ஆம் பாடலில் போருக்கு வந்த நெடுஞ்செழியன் தாலியை இன்னும் களையாத இளையோன். அது எவ்வாறு முடியப்பட்டிருந்தது என்பதைப் புலவர் சொல்லவில்லை!

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுக் காலணித் தொழிற்சாலைகளில் பணிபுரிவோரில் பெண்களே மிகுதி. தையல் எந்திரத்தின் முன் அமரும் கைக்கு எந்தக் கொக்கி ஏற்றது என்று எங்களுக்குள் ஒரு மாலை முழுதும் விவாதம் நடந்தது. கொலுசுத் திருகு உறுதியானது என்றார் ஒருவர். உண்மைதான், ஆனால் அதைக் கழற்ற இன்னொருவர் கை வேண்டும். கழற்றச் சிரமமான நகை எந்திரத்தருகிலும் கையிலேயே இருந்துவிடும். 'எஸ்' கொக்கியோ கழுத்தில் சங்கிலியின் கனத்தால் நிற்கிறது. தளர்ந்தாடும் மணிக்கட்டில் நழுவுகிறது. எங்கள் தேர்வு, விரலுக்கு அடங்கும் அளவு பெரிய லாப்ஸ்டர் கொக்கி. ஒரு கையால் திறக்கலாம். உள்ளே இருப்பது மெல்லிய வில்சுருள். வியர்வையில் அது தளரும், பற்றவைப்பின் சூட்டிலும் கெடும். ஆகவே பழுது பார்க்காமல் மாற்றிவிடுவதே நன்று. கொக்கியைச் சங்கிலியோடு இணைக்கும் வளையம் மெல்லியதாக இருக்கட்டும். எங்கேனும் சிக்கினால் அறுபடவேண்டியது வளையம், கையன்று. இதில் எங்களுக்கு இரண்டாம் கருத்தில்லை.

உலோகத்தையும் கேட்டு வாங்கவேண்டும். தோல் பதனிடுகையில் மயிர் நீக்கச் சோடியம் சல்பைடு பயன்படுகிறது. அதிலிருந்து எழும் வாயு வெள்ளியைக் கறுக்கச் செய்யும். கறுப்பைத் துடைத்துவிடலாம். மலிவான கொக்கியின் முலாம் தேய்ந்தபின் நிக்கல் உண்டாக்கும் அரிப்பு அப்படிப் போகாது. உடலில் நெடுநேரம் படும் பொருள்களிலிருந்து நிக்கல் கசிய ஐரோப்பிய ஒன்றியம் 1994இலேயே வரம்பு கட்டியது: சதுர சென்டிமீட்டருக்கு வாரம் 0.5 மைக்ரோகிராம். தோற்பொருள்களில் ஆறிணைதிறக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டலாகாது என்ற விதி 2015இல் வந்தது. ஏற்றுமதியாகும் தோலுக்கு இத்தனை சோதனை. அதைத் தைப்பவளின் தோலில் உரசும் கொக்கி எதனால் ஆனது என்று கடையில் நாம் கேட்டதுண்டா?

அடுத்தமுறை கண்ணை மூடிக்கொண்டு, இடக்கையால் மட்டும் மும்முறை பூட்டித் திறந்து பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.