பையை வாங்குவதற்கு முன்

2022 ஜூலை 8, வெள்ளிக்கிழமை. ஒரு பெரிய நிறுவனத்தின் வலையமைப்பு கனடா முழுவதும் செயலிழந்த நாள். ஸ்காபரோவில் பதினான்காம் மாடியில் தனியாக இருக்கும் எங்கள் சபை அன்ரி ஒருவருக்குக் காலையிலிருந்து அழைப்புப் போகவில்லை. இன்சுலின் போடுகிறவர். மத்தியானம் பஸ் பிடித்துப் போனேன். கதவைத் திறந்தவர், "ஏன் தம்பி இப்படி மூச்சு வாங்க வாறாய்?" என்றார்.

அன்று மின்சாரம் இருந்தது, லிஃப்ட் ஓடியது. 2013 நத்தாருக்கு முன் வந்த உறைபனிப் புயலில் ரொறன்ரோவில் மட்டும் சுமார் 3 லட்சம் மின் இணைப்புகள் அறுந்தன. சில வீடுகள் ஒரு வாரத்துக்கு மேல் இருட்டிலும் குளிரிலும் கிடந்தன. அப்படி ஒரு நாளில் அந்த அன்ரியிடம் யார் போவது, அவர் நிலையை யாருக்கு எப்படிச் சொல்வது?

ஆகவே சபைக்கு ஓர் அவசரகால வானொலிப் பை வேண்டும் என்று வாலிபர் கூட்டத்தில் பேசப்பட்டபோது நானும் கை உயர்த்தினேன். ஆனால் அன்றிரவே எல்லோரும் கருவிகளின் விலையைத் தேடத் தொடங்கியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. 5 வாட் கைவானொலி ஒன்றை, ஒரு குடும்பம் வெளியே சாப்பிடும் காசுக்கு வாங்கிவிடலாம். அதில் பேச உரிமம் வேண்டும். உரிமம் இல்லாதவர், உரிமம் பெற்றவர் பக்கத்தில் இருந்து மேற்பார்த்தால் பேசலாம். அப்படியானால் இரண்டு முனையிலும் ஒவ்வொருவராவது உரிமம் பெற்றிருக்க வேண்டும். எங்களிடம் இப்போது ஒருவரும் இல்லை.

பரீட்சை பெரிய மலை அல்ல. 100 கேள்விகள், எல்லாம் விடையைத் தெரிவுசெய்வது. 70 எடுத்தால் சித்தி. 80 எடுத்தால் தூர தேசங்களுக்கு எட்டும் சிற்றலையிலும் பேசலாம். கேள்வித் தொகுப்பை அரசே வெளியிட்டிருக்கிறது. வயதெல்லை இல்லை.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற இந்திய வானொலி ஆர்வலர் போர்ட் பிளேயரில் இருந்தார். அந்தமானிலிருந்து உலகத்து ஆர்வலர்களோடு பேசவே போயிருந்தார். 26ஆம் திகதி சுனாமி வந்தது. தொலைபேசிகள் அடங்கிய தீவிலிருந்து, உயிரோடிருப்போரின் செய்திகளை அவருடைய வானொலி வெளியே கொண்டுபோனது. நல்ல கருவி இருந்தது உண்மைதான். ஆனால் அதற்கு முந்திய நாட்களெல்லாம் அவர் அதே கருவியில் பேசிக்கொண்டிருந்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பைக்குள் என்ன வைப்பது என்பதிலும் எனக்கு ஒரு சண்டை உண்டு. கருவியோடு வரும் குட்டை அன்ரனா கொங்கிரீட் கட்டடத்துக்குள் சரிவராது. சுருட்டி வைக்கக்கூடிய கம்பி அன்ரனாவை ஜன்னலோரம் உயரத் தொங்கவிட்டால், அதே 5 வாட் இன்னும் தூரம் போகும். மேலதிக பற்றரி வேண்டும். குளிரில் அது சீக்கிரம் இறங்கும் என்பதால் கோட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். காகித வரைபடம், அலைவரிசைப் பட்டியல், பென்சில். பனியில் பேனா எழுதாது. கோபுரத்து மறுஒலிபரப்பி வேலை செய்யும் என்று நம்பி இருக்காமல், கருவிக்குக் கருவி நேராகப் பேசிப் பழக வேண்டும். எந்த மாடியிலிருந்து சபை மண்டபத்துக்குக் கேட்கிறது, எங்கிருந்து கேட்கவில்லை என்பதை முன்கூட்டியே நடந்து பார்த்து எழுதிவைக்க வேண்டும். ஒரே கட்டடத்துக்குள் பேச, உரிமம் வேண்டாத சிறிய குடும்ப வானொலிகளே போதும்.

இன்னொன்று. இந்த அலைவரிசையில் பேசுவதை எவரும் கேட்கலாம். மறைகுறியாக்கிப் பேசச் சட்டம் இடம் தராது. அன்ரியின் நோயையும் வீட்டு இலக்கத்தையும் அப்படியே வாசிக்க முடியாது. யாரைப் பற்றி எதை எப்படிச் சொல்வது என்று அவர்களிடமே முதலில் கேட்க வேண்டும். அதற்கு வீடு வீடாகப் போக வேண்டும். கடையில் வாங்க முடியாத வேலை அது.

பைக்குச் சேர்த்த காசு அப்படியே இருக்கட்டும். நான் படிக்கத் தொடங்கிவிட்டேன். சனிக்கிழமைகளில் சேர்ந்து படிக்க இன்னும் மூன்று பேர் வேண்டும்.