ரால்ஃபைத் தேடியவர்கள்

2021 ஜனவரி 15 தொடங்கி மார்ச் 5 வரை எட்டு வெள்ளிக்கிழமைகள், மதியம் ஒன்றரை மணிக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் சாமியாடாத குறைதான். ‘வாண்டாவிஷன்’ தொடரின் புதிய பகுதி ஹாட்ஸ்டாரில் அந்த நேரத்துக்குத்தான் வரும். வீட்டிலிருந்தே வேலை பார்த்த காலம். தம்பியும் அவனுடைய நண்பர்கள் மூன்று பேரும் மதியச் சாப்பாட்டு நேரத்தை இழுத்து நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பகுதி ஓடுவது அரைமணியோ முக்கால்மணியோ. அதன்மேல் நடக்கும் வாதம் அடுத்த வெள்ளிவரை போகும்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாண்டா என்ற சூனியக்காரியின் காதலன் விஷன் செத்துப்போகிறான். நியூ ஜெர்சியில் வெஸ்ட்வியூ என்ற சின்ன ஊர். அங்கே அவள் பழைய அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களின் பாணியில் ஒரு வீடு, உயிருள்ள விஷன், இரட்டைப் பிள்ளைகள் என்று குடித்தனம் நடத்துகிறாள். ஊரே அவளுடைய மந்திரத்துக்குள் அடைபட்டிருக்கிறது. ஊர்க்காரர்கள் தங்களுக்கே தெரியாத வேஷத்தைக் கட்டிக்கொண்டு நடிக்கிறார்கள். இதை யார் செய்தது?

வாண்டாதான் செய்தாள். நாலாம் பகுதியிலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் எங்கள் கூடத்தில் அதை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. “அக்கா, அதெல்லாம் சும்மா. இவளுக்குப் பின்னாடி ஒருத்தன் இருக்கான்.” அந்த ஒருத்தனுக்குப் பெயரும் வைத்தாயிற்று: மெஃபிஸ்டோ. மார்வெல் காமிக்ஸின் சாத்தான். உலகம் முழுக்க ரசிகர்கள் அந்த எட்டு வாரமும் இந்தச் சாத்தானைத்தான் தேடினார்கள். பக்கத்து வீட்டு ஆக்னஸ் பேச்சுவாக்கில் சாத்தான் என்றொரு வார்த்தை சொன்னால் அது துப்பு. திரைச்சீலையில் ஒரு பூச்சி உட்கார்ந்திருந்தால் அதுவும் அவன்தான். நானும் முதல் மூன்று வாரம் மெஃபிஸ்டோ கட்சிதான், மறைப்பானேன்.

இந்த ஊகங்களிலேயே என்னை உலுக்கியது ரால்ஃப் விவகாரம். ஆக்னஸ் எப்போது பார்த்தாலும் தன் புருஷன் ரால்ஃபைப் பற்றி ஒரு நக்கல் அடிப்பாள். ரால்ஃப் ஒருமுறைகூடத் திரைக்கு வரமாட்டான். பழைய நகைச்சுவைத் தொடர்களில் இது வழக்கமான உத்திதான். உடனே ரசிகர்கள் முடிவுகட்டிவிட்டார்கள்: வாரா வாரம் கண்முன்னால் வந்து நிற்கிற, எல்லா இடத்திலும் மூக்கை நுழைக்கிற, பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சுகிற இந்தப் பொம்பளை வெறும் ஏவலாள். கண்ணுக்கே தெரியாத புருஷன்தான் சாத்தான். ஆக்னஸ் உண்மையில் அகதா ஹார்க்னெஸ் என்ற சூனியக்காரியாக இருக்கலாம் என்று சரியாகக் கண்டுபிடித்தவர்கள்கூட, அவளை ஏவுகிறவன் ரால்ஃப் என்றுதான் அடித்துச் சொன்னார்கள். நூற்றாண்டுகளாக உயிரோடிருக்கும் ஒரு மந்திரக்காரிக்கும் ஒரு குடும்பத் தலைவர் தேவைப்பட்டார். கடைசிப் பகுதியில் ரால்ஃப் வந்தான். அகதா பிடித்துவைத்து, வாண்டாவின் அண்ணனாக நடிக்கவிட்ட பாவப்பட்ட உள்ளூர்க்காரன். அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. எங்கள் கூடத்தில் அன்றைக்கு விழுந்த முகங்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இன்னொன்று. மோனிகா ராம்போ, கறுப்பினப் பெண், அதிகாரி, தனக்கு விண்வெளிப் பொறியாளர் ஒருவரைத் தெரியும் என்று சொல்கிறாள். பெயர் சொல்லவில்லை, ஆளைக் காட்டவில்லை. போதாதா? ஃபென்டாஸ்டிக் ஃபோரின் ரீட் ரிச்சர்ட்ஸ்தான் வருகிறான் என்று பந்தயம் கட்டினார்கள். வந்தவர் மேஜர் குட்னர், சீருடை போட்ட ஒரு பெண். வந்தார், கொண்டுவர வேண்டிய வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார், வேலை முடிந்தது. “ஏமாத்திட்டாங்க” என்றான் தம்பி. யார் யாரை ஏமாற்றினார்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. விஷனாக நடித்த பால் பெட்டனி, தான் வெகுகாலமாகச் சேர்ந்து நடிக்க ஆசைப்பட்ட ஒருவரோடு இதில் நடித்திருப்பதாக ஒரு பேட்டியில் கொளுத்திப்போட்டார். அல் பசினோ வரை ஊகம் போனது. ஒருவர்கூட ஒரு நடிகையின் பெயரைச் சொல்லிக் கேட்கவில்லை நான். பெட்டனி சொன்னது தன்னையேதான், இன்னொரு விஷனாகவும் அவரே நடித்திருந்தார். அந்தக் குறும்பு எனக்குப் பிடித்திருந்தது.

ரசிகர்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதை விழுங்கிவிட்டுப் பேசக் கூடாது. மெஃபிஸ்டோவை அவர்கள் ஆகாயத்திலிருந்து இறக்கவில்லை. 1964இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் உருவாக்கிய வாண்டாவுக்குக் காமிக்ஸில் பின்னாளில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள். 1989இல் ஜான் பைர்ன் எழுதிய கதையில், அந்தப் பிள்ளைகள் பிள்ளைகளே இல்லை, மெஃபிஸ்டோவின் ஆன்மாவிலிருந்து சிதறிய துண்டுகள் என்று ஆக்கினார்கள். பிள்ளைகள் மறைந்ததும், அவளுக்குப் பிள்ளைகள் இருந்த நினைவையே அகதா அழித்துவிடுகிறாள், வலிக்கக் கூடாது என்று. 2004இல் அந்த நினைவு திரும்பியபோது வாண்டாவுக்குப் பித்துப் பிடித்து, கூட இருந்தவர்களையே கொன்றாள் என்று எழுதினார்கள். ஆக, பெற்றவளிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கி, பிடுங்கிய நினைவையும் பிடுங்கி, பிறகு ‘இவள் ஏன் இப்படி ஆனாள்’ என்று ஆச்சரியப்படுவது அங்கே பழைய தொழில். ரசிகர்கள் அந்தப் பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார்கள். தொடரை எடுத்தவர்களும் துப்பு மாதிரி தோன்றும் துணுக்குகளை வேண்டுமென்றே தூவிவைத்தார்கள். வாரா வாரம் ஆள் வரவேண்டுமே.

ஆனாலும் இந்தத் தேடல் எனக்கு ஏன் அவ்வளவு பழக்கப்பட்டதாக இருந்தது என்று பிற்பாடுதான் புரிந்தது. நான் இதைச் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன்.

என் சித்திக்குப் பிறந்த முதல் குழந்தை மூன்றாம் நாள் செத்துப்போயிற்று. சித்தி இரண்டு மாதம் யாரோடும் பேசவில்லை, உலை வைக்கவில்லை. வெறுந்தூளியை ஆட்டிக்கொண்டே இருப்பார். வீட்டில் கூடிப் பேசி ஓர் அமாவாசை இரவில் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். உடுக்கை அடித்தார்கள். பூசாரி அவர் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக் கேட்டது ஒரே கேள்வி: “நீ யாரு? எந்த ஊரு? எங்க புடிச்ச?” கேள்வி சித்திக்கு இல்லை, அவருக்குள் இருப்பவனுக்கு. எங்கள் பக்கத்தில் பெண்களைப் பிடிக்கிற பேய் பெரும்பாலும் ஆணாகத்தான் இருக்கும், அகால மரணம் அடைந்த எவனாவது. விடிகிற நேரத்தில் சித்தி ஒரு பெயரைச் சொன்னார், பக்கத்து ஊர்க் கிணற்றில் விழுந்து செத்த ஒருத்தன் பெயர். முடியை ஒரு கொத்து வெட்டிப் புளியமரத்தில் வைத்து ஆணி அடித்தார்கள். எல்லாருக்கும் நிம்மதி. தூளியைக் கழற்றினார்கள்.

பல வருஷம் கழித்து நான் கேட்டபோது சித்தி சொன்னார்: “ஒரு ஆம்பள பேரச் சொன்னாத்தான் முடிய விடுவாங்கன்னு தெரிஞ்சு போச்சு.”

மெஃபிஸ்டோ ஊகமும் இந்த உடுக்கைதான். இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது, தோழிகளே, அது அன்பு மாதிரி வேஷம் போட்டு வரும். வாண்டாவை நேசித்த ரசிகர்களே, பெண் ரசிகர்களும் சேர்த்துத்தான், மெஃபிஸ்டோ வேண்டும் என்று அதிகம் ஆசைப்பட்டார்கள். அவன் வந்துவிட்டால் இவள் மேல் பழி இல்லையே. ஆனால் வெஸ்ட்வியூவில் நடந்தது சாதாரணக் குற்றமா? ஒரு ஊரின் மூளையைக் கையில் வைத்திருந்தாள். கடைசிப் பகுதியில் ஒரு பெண் தன் எட்டு வயது மகளை அறையிலிருந்து வெளியே விடும்படி அவளிடம் கெஞ்சுகிறாள். அந்தத் தாய்க்குப் பதில் சொல்ல வேண்டியவள் வாண்டா. சாத்தானைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தினால் வாண்டாவின் துக்கமும் அவளுடையது இல்லை, குற்றமும் அவளுடையது இல்லை. கெஞ்சுகிறவளுக்கும் எதிரே ஆள் இல்லை. எனக்குக் குற்றம் செய்த வாண்டாதான் வேண்டும். தொடரே கடைசியில் இதில் கொஞ்சம் வழுக்கியது. அவள் தியாகம் செய்தாள் என்று மோனிகாவை விட்டே ஆறுதல் சொல்லவைத்தது. பாதிக்கப்பட்டவர்கள் அவளை முறைத்துக்கொண்டு தெருவில் நிற்க, அந்த ஆறுதல் எனக்கு ஒட்டவில்லை.

2022இல் வந்த டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் படம் அடுத்த கோடிக்குப் போனது. பிள்ளைப் பைத்தியம் பிடித்த தாய், கையில் ஆளைக் கெடுக்கும் ஒரு புத்தகம், போகிற வழியெல்லாம் பிணம். அதைப் பற்றி அதிகம் எழுதக் கைவரவில்லை. அந்த மெஃபிஸ்டோவும் 2025இல் ‘அயர்ன்ஹார்ட்’ தொடரில் ஒருவழியாக வந்து சேர்ந்தான். தம்பி அன்றைக்கு எனக்குப் போன் செய்து, “பாத்தியா அக்கா, நாங்க அப்பவே சொன்னோம்ல” என்றான்.

எட்டாம் பகுதி வந்த வெள்ளிக்கிழமையை மட்டும் சொல்லி முடிக்கிறேன். அதில்தான் நடந்ததெல்லாம் வரிசையாக வரும். குண்டு விழுந்து அம்மா அப்பா சாகிறார்கள். விஷனின் உடலை அடக்கம் செய்யக் கேட்டுப் போகிறாள், துண்டு துண்டாகப் பிரித்துவைத்திருப்பதைக் காட்டுகிறார்கள், தரமறுக்கிறார்கள். பிறகு அவன் வீடு கட்ட வாங்கிவைத்திருந்த காலி மனையில் போய் நிற்கிறாள். மண்டிபோட்டு விழுந்து கத்துகிறாள். அந்தக் கத்தலிலிருந்துதான் வீடு எழும்புகிறது, ஊர் மாறுகிறது. அந்த மனையில் அவளைத் தவிர ஒருவரும் இல்லை.

சித்தி அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தார், ஓரமாக உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மொழி புரியாது, படத்தை மட்டும் பார்த்தார். “எதுக்குடா அந்தப் புள்ள அழுவுது?” என்று தம்பியைக் கேட்டார்.

“அவ புருஷன் செத்துட்டான் சித்தி. ஆனா அவள இப்படிப் பண்ண வச்சது யாருன்னு இன்னும் தெரியல, அதான் தேடிட்டு இருக்கோம்.”

“அதான் புருஷன் செத்துட்டான்னு சொன்னியே. அப்புறம் யாரடா தேடுறீங்க?”

வெங்காயத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். தம்பி ரிமோட்டை எடுத்துப் போன வாரப் பகுதியைப் போட்டு, திரைச்சீலையில் அந்தப் பூச்சி உட்கார்ந்திருந்த இடத்தில் நிறுத்தினான்.