அமைதியான ஊருக்குப் போகும் தங்கைக்கு



பல்லேபொலவிலிருந்து ஒரு தங்கை கடிதம் எழுதியிருக்கிறார். 2009 இல் பெற்றோருடன் வன்னியிலிருந்து வெளியேறியபோது சிறுபிள்ளை. இப்போது பெரியம்மா வீட்டில் இருக்கிறார். சுவிற்சர்லாந்தில் இருக்கும் ஒருவருக்குப் பேசி முற்றாகிவிட்டது. மாப்பிள்ளையின் ஊர் லோசான் நகருக்குக் கிட்ட, லவோ என்ற திராட்சைத் தோட்டப் பகுதியில் ஒரு சிற்றூராம். சத்தம் சந்தடி இல்லாத இடம், தனக்கு அதுவே போதும் என்கிறார். என்னென்ன தெரிந்துகொண்டு போகவேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். இதே கேள்வி வேறு பல வீடுகளிலும் இருக்கும் என்பதால் இந்த மாதம் இதையே எழுதுகிறேன்.

ஊர் அழகானதுதான். ஜெனீவா ஏரியின் வடகரையில் செங்குத்தான சரிவு முழுவதும் படிபடியாகக் கல்மதில் கட்டித் திராட்சை நட்டிருக்கிறார்கள். பதினோராம் நூற்றாண்டளவில் கிறிஸ்தவத் துறவி மடங்கள் தொடங்கிய வேலை அது. 2007 இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. தங்களுக்கு மூன்று சூரியன்கள் என்று அவ்வூர் மக்கள் சொல்வார்கள்: வானத்து வெயில், ஏரியில் பட்டுத் தெறிக்கும் வெயில், பகலில் சூடேறிய கல்மதில் இரவில் விடும் வெக்கை. மாத்தளையில் மிளகுக் கொடியும் படிவயலும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது முற்றிலும் அந்நியமாக இராது. செப்டெம்பர், ஒக்டோபரில் அறுவடை நடக்கும்போது ஊரே கலகலப்பாக இருக்கும். விருந்தில் வைன் நீட்டினால் வேண்டாம் என்று சிரித்தபடி சொல்லலாம், யாரும் குறை நினைக்கமாட்டார்கள்.

ஆனால் மார்கழியில் போய் இறங்கினால் காண்பது வேறு. இலை கொட்டிய கட்டைகள், புகார், மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டு. ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு. இரவு பத்து மணிக்குப் பின் சத்தம் போடக்கூடாது. தொடர்மாடியில் உடுப்புத் தோய்ப்பதற்குக்கூட முறை வைத்திருப்பார்கள், உங்கள் நாள் தவறினால் அடுத்த முறை வரும்வரை காத்திருக்கவேண்டியதுதான். கணவர் விடிய வேலைக்குப் போனால் பொழுதுபடும் வரை நான்கு சுவர். போர் கண்ட பெண்ணுக்கு இந்த அமைதி எப்போதும் மருந்தாகும் என்று சொல்லமாட்டேன். சுற்றிலும் பேச்சுக்குரல் இல்லாதபோதுதான் பழைய ஞாபகங்கள் ஒவ்வொன்றாக எழும்பி வரும்.

திடுக்கிட வைக்கும் சில விஷயங்களை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரி முதல் புதன்கிழமை பகல் ஒன்றரை மணிக்கு நாடு முழுவதும் அபாயச் சங்கை ஒலிக்கவிட்டுப் பரீட்சிப்பார்கள். அன்று ஓடவேண்டியதில்லை, படுக்கவேண்டியதில்லை, வெறும் பரீட்சைதான். ஓகஸ்ட் முதலாம் திகதி அவர்களின் தேசிய தினம். அன்றிரவு ஏரிக்கரை முழுவதும் வாணவெடி அதிரும். வீட்டின் கீழ்த்தளத்தில் தடித்த கொங்கிறீட் கதவு போட்ட அறை ஒன்றைக் காண்பீர்கள். ஆம், பங்கர்தான். குடியிருப்பவர் எல்லோருக்கும் பதுங்க இடம் இருக்கவேண்டும் என்ற கொள்கையில் 1963 இல் வந்த சட்டத்தின் பலன் அது. அந்த மக்கள் அதில் பழைய சைக்கிளும் வைன் போத்தலும் அடுக்கி வைத்திருக்கிறார்கள்! இவற்றைக் கணவருக்கும் சொல்லி, அந்த நாட்களில் தனியே இராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். நித்திரை வராமல், கெட்ட கனவு விடாமல் தொடர்ந்தால் குடும்ப வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அடுத்தது மொழி. அந்நாட்டுத் தமிழர் பெரும்பாலும் சூரிச், பேர்ண் போன்ற ஜேர்மன் மொழிப் பகுதிகளில் இருக்கிறார்கள். ஆகவே உறவினர் சொல்லித்தரும் நாலு வார்த்தையும் ஜேர்மனாகவே இருக்கும். லவோ இருக்கும் வோ மாநிலத்தில் பிரெஞ்சு. வதிவிட அனுமதி உள்ளவரின் மனைவியாகப் போகிறவர் அந்த இடத்து மொழியில் பேசக்கூடியவராக இருக்கவேண்டும், அல்லது வகுப்பில் சேர்ந்ததைக் காட்டவேண்டும் என்பது 2019 முதல் விதி. விசாவுக்காக மட்டும் படிக்காதீர்கள். கண்டியில் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது, மாத்தளை வழியாகப் பஸ்ஸில் போய்வரலாம். கல்யாணச் சேலைக்கு ஒதுக்கும் காசில் ஒரு பங்கை இதற்கு எடுத்துவையுங்கள், பெரியம்மா கோபித்தாலும் பரவாயில்லை. சிற்றூரில் தெருவில் எதிர்ப்படுபவருக்கு 'போன்ஜூர்' சொல்வது வழக்கம். அந்த ஒரு சொல்லைத் தினமும் சொல்லும் பெண்ணை ஊர் மெல்ல மெல்ல அடையாளம் கண்டுகொள்ளும். ஒருநாள் அவளைக் காணாவிட்டால், எங்கே என்று விசாரிக்கவும் ஆள் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளை நல்லவராகவே இருக்கட்டும். ஆனாலும் அடி வாங்கிக்கொண்டு, 'பிரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்' என்ற பயத்தில் வாய் மூடியிருந்த பெண்கள் உண்டு. அந்நாட்டுச் சட்டப்படி மூன்று ஆண்டுகள் அங்கே சேர்ந்து வாழ்ந்து, மொழி, வேலை போன்றவற்றில் ஊரோடு இணைந்திருந்தால், பிரிந்தபின்பும் அனுமதி நீடிக்க வழி உண்டு. வன்முறைக்கு ஆளானவருக்கு அந்த மூன்று ஆண்டுக் கணக்கு கட்டாயமில்லை. முன்பு இந்த உரிமை சுவிஸ் பிரஜை அல்லது நிரந்தர வதிவிட அனுமதி உள்ளவரின் மனைவிக்கே இருந்தது. 2025 ஜனவரி முதல் மற்ற அனுமதி உள்ளவர்களின் மனைவியருக்கும் விரிவாக்கியிருக்கிறார்கள். வைத்தியச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாடு, உதவி நிலையத்தின் கடிதம் ஆகியவை ஆதாரமாக எடுக்கப்படும். ஒவ்வொரு மாநிலத்திலும் பாதிக்கப்பட்டோருக்கு இலவசமாக, இரகசியமாக ஆலோசனை தரும் நிலையங்கள் உள்ளன. லோசானில் மாலே பிரெரி என்ற நிலையம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தங்குமிடமும் கொடுக்கிறது. பொலிஸ் இலக்கம் 117, அம்புலன்ஸ் 144.

புறப்படுமுன் கடவுச்சீட்டு, பிறப்பு, திருமணப் பத்திரங்களை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அங்கே போனபின் அசல்கள் உங்கள் பெட்டியில், உங்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். வதிவிட அட்டை கிடைத்ததும் அதன் படத்தையும் அம்மாவின் தொலைபேசிக்கு அனுப்பிவிடுங்கள்.